பைலட் ஆக 200 மணி நேரம் பறந்தால் போதும்... அப்புறம் ஏன் இவ்வளவு தாமதம்?

தினமும் ஒரு மணி நேரம் பறந்தால் 200 மணி நேரம் ஏழு மாதத்தில் முடிந்துவிடும். கமர்ஷியல் பைலட் லைசென்ஸுக்கு டிஜிசிஏ கேட்பதும் அதைத்தான். ஆனால் பலருக்கு ஒன்றரை, இரண்டு வருஷம் ஆகிவிடுகிறது. வங்கிக் கடன் வட்டி அதுவரை காத்திருக்குமா என்ன?

ஆலங்குளம், ராஜபாளையம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது இனி தூரத்து விஷயம் இல்லை. கோவில்பட்டி அருகே நாலாட்டின்புத்தூர் ஓடுதளத்தில் விமானப் பயிற்சி மையம் அமைக்க 2025-ல் டிட்கோ ஒப்பந்தப்புள்ளி கோரியது.

நேரம் எங்கே போகிறது?

பனிமூட்டம், மழை, பழுதாகி நிற்கும் விமானம், பயிற்சியாளர் பற்றாக்குறை... ஏதாவது ஒன்று இடறினாலும் அன்றைய வகுப்பு காலி.

இரவுப் பயிற்சியில் என்ன சிக்கல்?

இரவில் 5 மணி நேரம் பறக்க வேண்டும். அதில் 10 டேக்-ஆஃப், 10 லேண்டிங். இதை விண்ணப்பிப்பதற்கு முந்தைய 6 மாதத்துக்குள் செய்திருக்க வேண்டும். தள்ளிப்போனால் திரும்பவும் பறக்கணும், திரும்பவும் பணம் கட்டணும்.

ஐந்து மணி நேரம்தானே என்று தோன்றும். ஆனால் அதற்கு ஓடுதள விளக்குகள் வேண்டும். சூரியன் மறைந்த பிறகும் விமானதளம் திறந்திருக்க வேண்டும்.

ஏன் விட்டுவிட முடியாது?

இருட்டில் தொடுவானம் தெரியாது. கீழே வெளிச்சமே இல்லாத நிலம் என்றால், உயரமாக இருக்கிறோம் என்று கண் ஏமாற்றும். அதை நம்பி இறங்கினால் ஓடுதளத்துக்கு முன்பே தரை வந்துவிடும். அதனால்தான் கருவிகளையும், ஓரத்தில் இருக்கும் நான்கு விளக்குகளையும் நம்பப் பழக்குகிறார்கள். இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பு தெரிந்தால் சரியான உயரம். நான்கும் சிவப்பு என்றால் ரொம்பத் தாழ்வு.

வேகப்படுத்த முடியுமா?

முடியும். உத்தரப் பிரதேசத்தின் அமேதியில் உள்ள அரசுப் பயிற்சி நிறுவனமான 'இக்ருவா', விடுமுறை நாட்களிலும் பறக்க ஆரம்பித்தது. கோந்தியா, கலபுரகியிலும் பயிற்சி நடத்தியது. 2021-ல் 19,000 மணி நேரத்துக்கு மேல் பறந்து சொந்த சாதனையை முறியடித்தது. அதே ஆண்டு, தலைமைப் பயிற்சியாளர் மட்டுமல்லாமல் மற்ற அங்கீகரிக்கப்பட்ட பயிற்சியாளர்களும் பறக்க அனுமதி தரலாம் என்று விதி மாறியது.

சேரும் முன் என்ன கேட்கணும்?

மூன்றே கேள்வி: பறக்கும் நிலையில் எத்தனை விமானம்? ஒரு மாணவருக்கு மாதம் சராசரியாக எத்தனை மணி நேரம்? இரவுப் பயிற்சி இங்கேயேவா, வெளியூரிலா? பதில் எழுத்தில் வந்த பிறகு ஃபீஸ் கட்டுங்கள்.