பிள்ளையை இழந்த வீட்டில் நாம் பேசும் சொல்



பாபநாசம் வட்டாரத்து மஹல்லா ஒன்றில் எட்டு வயதுச் சிறுவன் இரத்தப் புற்றுநோயால் வஃபாத்தானான். நல்லடக்கம் முடிந்த மூன்றாம் நாள் அவ்வீட்டிற்குச் சென்றேன். தகப்பனார் குத்தகை நிலத்தில் சம்பா பயிரிடுபவர். சலாமுக்குப் பதில் சொன்னதோடு சரி, வேறு பேச்சில்லை. தாயார்தான் உள்ளிருந்து கேட்டார்: "ஹஜ்ரத், நடவு நேரத்தில் புள்ளைக்குக் காய்ச்சல் வந்தது. வேலை முடியட்டும் என்று ஒரு வாரம் தள்ளிப்போட்டோம். அதனால்தான் போய்விட்டானா? நாங்கள் செய்த பாவமா?"

துக்கம் விசாரிக்க வந்தவர்கள் விதைத்துச் சென்ற கேள்விகள் இவை. ஒருவர் கண்ணேறு என்றாராம். மற்றொருவர் புதுவீடு கட்டிய நேரம் சரியில்லை என்றாராம். (தொழுகையில் முதல் ஸஃப்பில் நிற்பவர்களும் இப்படிப் பேசுவதுதான் வேதனை.)

ஹிஜ்ரி 10-ஆம் ஆண்டில் நபி (ஸல்) அவர்களின் அருமை மகனார் இப்ராஹீம் (ரலி) இரண்டு வயது நிறையும் முன்பே மறைந்தார்கள். குழந்தையை ஏந்தியிருந்த நபியவர்களின் கண்கள் நீர் சொரிந்தன. "தாங்களுமா?" என்ற கருத்தில் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) வியந்து கேட்டபோது, அது இரக்கத்தின் கண்ணீர் என்று விளக்கினார்கள். அதே நாளில் சூரிய கிரகணம் ஏற்பட்டது. இப்ராஹீமின் மரணத்திற்காகவே சூரியன் மறைந்தது என்று மக்கள் பேசினர். தம் மகனுக்குப் பெருமை சேர்க்கும் பேச்சுதானே என்று நபியவர்கள் அதை விட்டுவிடவில்லை. எவருடைய பிறப்புக்கும் இறப்புக்கும் கிரகணத்தோடு தொடர்பில்லை என்று மக்களை நோக்கி அறிவித்தார்கள். வானத்துச் சூரியனையே ஒரு குழந்தையின் மரணத்தோடு முடிச்சுப் போட அனுமதிக்காத மார்க்கத்தில் இருந்துகொண்டு, நாம் புதுவீட்டை முடிச்சுப் போடுகிறோம்!

இந்நோய் எலும்பு மஜ்ஜையில் தொடங்குகிறது. முதிராத வெள்ளணுக்கள் அங்கே கட்டின்றிப் பெருகி, நல்ல அணுக்களுக்கு இடமின்றிச் செய்துவிடுகின்றன. ஆகவே உடல் வெளிறுகிறது. காய்ச்சல் விடாமல் வருகிறது. அடிபடாமலேயே தோலில் நீலத் தடிப்புகள் தோன்றுகின்றன. கால் எலும்பு வலிக்கிறது. பெரும்பாலான குழந்தைகளுக்கு இது ஏன் வந்தது என்று மருத்துவர்களால் சுட்டிக்காட்ட இயலுவதில்லை. அந்தத் தாயிடம் நான் சொன்னேன்: "சிகிச்சை தொடங்கியதும் நோய் ஒடுங்கியதல்லவா? ஒன்றரை ஆண்டு கழித்துத்தானே திரும்பியது? அந்த ஒரு வாரத்தின் மீது பழி போடாதீர்கள்."

திண்ணையில் இருந்த பெரியவர் ஒருவர், "இந்நோய்க்குச் செலவழித்தும் பயனில்லை, ஹஜ்ரத்" என்றார். அதை மறுக்காமல் வர மனமில்லை. 1948-க்கு முன் அது உண்மை. இந்நோய் கண்ட பிள்ளைகள் சில மாதங்களில் மடிந்தனர். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லப்பிரகடா சுப்பாராவ் அமெரிக்காவில் தம் குழுவினருடன் உருவாக்கிய மருந்தைக் கொண்டு, அவ்வாண்டில் பாஸ்டன் மருத்துவர் சிட்னி ஃபார்பர் முதன்முறையாக நோயைத் தற்காலிகமாக ஒடுக்கிக் காட்டினார். அம்மருந்தின் உறவான மெத்தோட்ரெக்ஸேட் இன்றும் நம் பிள்ளைகளுக்குத் தரப்படுகிறது. நம் நாட்டின் நல்ல சிகிச்சை மையங்களில், பிள்ளைகளுக்குப் பரவலாக வரும் வகையில் பாதிக்கும் மேற்பட்டோர் பிழைக்கின்றனர். சிகிச்சை இரண்டு, மூன்று ஆண்டுகள் நீளும். நடுவில் நிறுத்திவிடுவதே பேராபத்து. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு இடமுண்டு. இரயிலில் நோயாளிக்கும் துணைக்குச் செல்பவருக்கும் கட்டணச் சலுகை உண்டு. சென்னையில் மாதக்கணக்கில் தங்கும் செலவுதான் குடும்பத்தை உடைக்கிறது. பைத்துல்மால் நிதி அதற்குப் பயன்படட்டும்.

முஅத்தா போரில் ஜஅஃபர் (ரலி) ஷஹீதானபோது, அவர் குடும்பத்தாருக்கு உணவு சமைத்துக் கொடுக்கும்படி நபியவர்கள் பிறரைப் பணித்தார்கள். நமதூரிலோ மூன்றாம் நாள் அந்தத் தாயே அடுப்பில் நின்றுகொண்டிருந்தார்.

புறப்படும்போது பத்து வயது அக்காள் வாசலில் நின்றாள். "தம்பி தட்டில் சாப்பிட்டால் எனக்கும் வருமா, ஹஜ்ரத்?" என்றாள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் அவளோடு விளையாட வருவதில்லையாம். இது தொற்றுநோயன்று என்றேன். அத்தட்டை எடுத்துவரச் சொல்லி, அதில் இரண்டு பேரீச்சம்பழம் வைத்து, இருவரும் ஆளுக்கொன்று உண்டோம்.