செவிமடுத்தலும் புறப்படுதலும்

இறைவன் தம்மை அழைத்தான் என ஒருவர் கூறுமிடத்து, கேட்போர் ஐயுறுவது இயல்பே. கிறிஸ்தவ மரபும் அந்த ஐயத்தைப் பிழையென ஒதுக்கியதில்லை. விவிலியத்தில் வரும் சிறுவன் சாமுவேல், இரவிலே தன் பெயர் சொல்லி அழைக்கப்பட்டபோது, அழைத்தவர் முதிய குருவான ஏலியே என்றெண்ணி மூன்று முறை அவரிடம் ஓடினான். அழைப்பவர் ஆண்டவரே என்பதை இனங்கண்டவர் கண்பார்வை மங்கியிருந்த ஏலிதான். கேட்டது ஒருவர் செவி, உணர்ந்தது மற்றொருவர் உள்ளம். குருத்துவத்தை நாடும் இளைஞரைக் கத்தோலிக்கத் திருச்சபை பல்லாண்டுகள் பயிற்சியிலும் பரிசீலனையிலும் வைத்திருப்பதன் நியாயமும் இதுவே.

ஆயினும் எல்லா அழைப்பும் இரவுக் குரலாக வருவதில்லை. பிறரது தேவை பற்றிய ஒரு செய்தியாகவும் அது வரலாம். யோசேப் வாஸ் அடிகளாருக்கு அவ்வாறே வந்தது.

1658 இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் கத்தோலிக்க சமயத்தைத் தடை செய்தனர். குருமார் வெளியேற்றப்பட்டனர். வழிகாட்ட எவருமின்றி இலங்கைக் கத்தோலிக்கர் தவிக்கும் செய்தி கோவாவை எட்டியபோது, அங்கு இளங்குருவாயிருந்த வாஸ், தம்மை இங்கு அனுப்புமாறு வேண்டினார். மேலிடமோ 1681 இல் அவரைக் கன்னடக் கரையோரப் பகுதிக்கு அனுப்பியது. அவர் முரண்படவில்லை, இலங்கையை மறக்கவுமில்லை. எமக்கு இந்தக் காத்திருப்பே அவரது விசுவாசத்தின் மிகக் கடினமான பகுதியாகத் தோன்றுகின்றது. உடனே புறப்படுபவனுக்கு உற்சாகமேனும் துணையிருக்கும்.

1687 இல் அவர் தூத்துக்குடியிலிருந்து கடல் கடந்து, ஏழைக் கூலியாளின் கோலத்தில், நோயுற்ற உடலுடன் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். கழுத்திலே ஒரு செபமாலை. அதைக் கண்டு யார் அணுகுகின்றார்கள் என்று பார்த்தே மறைந்து வாழ்ந்த விசுவாசிகளைத் தேடிக் கொண்டார். பின்னர் சில்லாலையில் தங்கிப் பணியாற்றினார். போர்த்துக்கேயரின் வாளோடு வந்த மதபோதனையின் கசப்பை இந்நாட்டு இந்துக்களும் பௌத்தர்களும் முஸ்லிம்களும் நன்கறிவர். வாஸ் அடிகளாரின் பின்னால் எந்தப் படையும் வரவில்லை என்பதை இங்கு நினைவுகூர்வது பொருத்தம்.

1692 இல் கண்டிக்குச் சென்றவர் போர்த்துக்கேய ஒற்றன் எனச் சந்தேகிக்கப்பட்டுச் சிறையிலடைக்கப்பட்டார். தமிழை ஏற்கனவே கற்றிருந்த அவர் அங்கு சிங்களமும் கற்றார். 1697 இல் கண்டியில் பெரியம்மை பரவி, உறவினரே நோயாளிகளைக் கைவிட்டுச் சென்றபோது, எச்சமயத்தவர் என்று பாராது அவர்களைப் பராமரித்தார். இவ்வழைப்பைக் கேட்கக் கடல் கடக்க வேண்டியிருக்கவில்லை. வாசலுக்கு வெளியே செல்வதே போதுமாயிருந்தது. அழைத்தல் என்பது குருமாருக்கும் கன்னியருக்கும் மட்டுமே உரியது எனக் கருதும் கிறிஸ்தவர் இன்றும் உளர். தூய வாழ்வுக்கான அழைப்பு இல்லறத்தார் உட்பட அனைவருக்கும் உரியதென இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964 இலேயே தெளிவுபடுத்திவிட்டது.

2015 ஜனவரி 14 ஆம் திகதி கொழும்பு காலிமுகத்திடலில், அப்போதைய பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராகப் பிரகடனம் செய்தார். அவர் கண்டியில் காலமானது 1711 ஜனவரி 16 ஆம் திகதியாகும். இலங்கைக்கு வந்த பின் கோவாவுக்கு அவர் திரும்பவேயில்லை.