லில்லிக்கும் ஓய்வு வேண்டும்!

வாங்கி வந்த வருஷம் ஜோராகப் பூத்த லில்லிச் செடி, மறு வருஷத்திலிருந்து வெறும் இலையும் தழையுமாக நிற்கிறதா? அப்படியானால் உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். மூன்று வருஷம் அந்த ஏமாற்றத்தை அனுபவித்தவள் நான்.

எங்கள் வீடு தர்மபுரியில். "அந்த வறண்ட சீமையில் லில்லியா?" என்று சென்னை உறவினர்கள் கேலி செய்வார்கள். சாமந்தியும் சம்பங்கியும் மூட்டை மூட்டையாகச் சந்தைக்கு வரும் ஊர்தான் இது. ஆனாலும் லில்லி என்றால் ஊட்டி, கோத்தகிரி என்றுதான் எல்லோருக்கும் ஞாபகம் போகிறது. நானும் அப்படித்தான் நினைத்துக் கொண்டிருந்தேன், என் நாத்தனார் ஓசூரிலிருந்து ஒரு தொட்டியைக் கொண்டு வந்து கொடுக்கும் வரையில். (2004-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் பிரிகிறவரை ஓசூரும் எங்கள் மாவட்டம்தான், அந்தச் சொந்தம் விட்டுப் போகவில்லை.)

அந்தப் பங்குனியில் ஒரே தண்டில் நான்கு பூக்கள். ஒவ்வொன்றும் கல்யாண வீட்டு ஒலிபெருக்கிக் குழாய் மாதிரி, நல்ல சிவப்பு. தெருவே வந்து பார்த்தது.

அதற்குப் பிறகு நான் செய்த உபசாரத்தைக் கேளுங்கள். தினம் இரண்டு வேளை தண்ணீர். வெயில் படக் கூடாதென்று தாழ்வாரத்து நிழலில் வைத்தேன். இலைகள் சாய்ந்து அசிங்கமாக இருக்கின்றன என்று கத்தரிக்கோலால் வெட்டி ஒழுங்கு செய்தேன். மூன்று வருஷம் இந்த ராஜ வைத்தியம் நடந்தது. ஒரு மொட்டு? கிடையாது.

நாலாம் வருஷம் மார்கழியில் பெண்ணுக்குப் பிரசவம். வீட்டைப் பூட்டிக்கொண்டு சென்னைக்குப் போனவள், பேரனுக்குத் தொட்டில் போட்டு, மாசி பிறந்த பிறகுதான் திரும்பினேன். தாழ்வாரத்தில் தொட்டி மண் ஓடாக இறுகிக் கிடந்தது. இலை எல்லாம் சருகு. சரி, கறிவேப்பிலைக் கன்று வைக்கலாம் என்று கிழங்கைப் பிடுங்கப் போனேன். அமுக்கிப் பார்த்தால் கல் மாதிரி கெட்டியாக இருக்கிறது! மனசு கேட்கவில்லை. தொட்டியை முற்றத்து வெயிலில் வைத்து ஒரு செம்பு தண்ணீர் விட்டேன். மூன்று வாரத்தில் கிழங்கின் கழுத்தோரத்திலிருந்து ஈட்டி முனை மாதிரி ஒன்று எட்டிப் பார்த்தது. இலை இல்லை, மொட்டு! அந்த வருஷம் இரண்டு தண்டுகள்.

கவனித்து வளர்த்தபோது பூக்காதது, கைவிட்டுப் போனதும் பூத்தது ஏன்? பிறகுதான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

நாம் லில்லி என்று சொல்லும் இந்தச் செடி உண்மையில் லில்லியே அல்ல. ஹிப்பியாஸ்ட்ரம் என்பது அதன் பெயர். பூர்வீகம் தென் அமெரிக்கா. இதில் முதல் கலப்பினத்தை 1799-ஆம் ஆண்டு வாக்கில் உண்டாக்கியவர் இங்கிலாந்தில் ஜான்சன் என்ற ஒரு கடிகாரக்காரர்! கடைக்காரர்கள் அமரில்லிஸ் என்றும் சொல்வார்கள். அசல் லில்லிக்குக் குளிர் வேண்டும். நீலகிரியிலும் பழனி மலையிலும் அப்படி ஒரு வெள்ளை லில்லி தானாகவே முளைக்கிறது. அது நம் ஊர் வெயிலுக்குச் சரிப்படாது. ஹிப்பியாஸ்ட்ரத்துக்குச் சரிப்படும்.

இந்தக் கிழங்கு வெங்காயம் போல அடுக்கடுக்கானது. இலைகள் வெயிலில் சமைக்கும் சத்தெல்லாம் அதற்குள் சேர்கிறது. ஏறக்குறைய நான்கு இலை விட்டால் உள்ளே ஒரு பூக்குருத்து உருவாகும் என்பது கணக்கு. அதுவும் வெளியே வருவதற்கு ஒரு வருஷத்துக்கு முன்பே. நான் வெட்டியது இலையை அல்ல, அடுத்த வருஷத்துப் பூவை! நிழலில் வைத்தது அடுப்பை அணைத்த மாதிரி. உள்ளே உருவான குருத்தும் வெளியே வர, ஒரு வறண்ட ஓய்வு பெரிய தூண்டுதல். ஓய்வில்லாமலே பூக்கும் கிழங்குகளும் உண்டு. ஆனால் அடம் பிடிக்கும் கிழங்குக்கு இதைவிட நல்ல மருந்து கிடையாது.

அந்த ஓய்வை எங்கள் ஊர் இலவசமாகவே கொடுக்கிறது, பாருங்கள். ஐப்பசி, கார்த்திகையோடு மழை முடிந்துவிடும். மார்கழி பிறந்ததும் தண்ணீரை நிறுத்தி, தொட்டியைத் தாழ்வாரத்துக்குள் வையுங்கள். இலை தானாகக் காய்ந்த பிறகு எடுத்தால் போதும். எட்டு முதல் பத்து வாரம் அப்படியே கிடக்கட்டும். மாசியில் மேல்மண்ணைச் சுரண்டி, மக்கிய சாணமும் ஒரு பிடி எலும்புத் தூளும் போட்டு வெயிலுக்குக் கொண்டு வாருங்கள். ஒரே ஒரு முறை நன்றாக நனைத்துவிட்டு, முளை தெரிகிறவரை பொறுத்திருக்க வேண்டும். எனக்கு இந்தப் பொறுமைதான் கஷ்டமாக இருந்தது.

தொட்டி பெரிதாக இருக்க வேண்டாம். கிழங்கைச் சுற்றி இரண்டு விரல் இடம் போதும். செம்மண்ணும் மணலும் சரிபாதி. கிழங்கின் கழுத்து மண்ணுக்கு வெளியே தெரிய வேண்டும். முழுக்கப் புதைத்தால் அழுகும். பூ வாடியதும் பூவை மட்டும் கிள்ளிவிடுங்கள், விதை பிடித்தால் சத்து அதற்குப் போய்விடும். தண்டு பச்சையாக இருக்கும்வரை விட்டுவையுங்கள். வைகாசியிலிருந்து கார்த்திகை வரை காலை வெயில், அளவான தண்ணீர், மாதம் ஒரு முறை கொஞ்சம் வேப்பம் பிண்ணாக்கு.

தண்ணீர் என்றதும் ஒரு விஷயம். எங்கள் மாவட்டத்தில் பல ஊர்க் கிணறுகளில் ஃபுளோரைடு அதிகம். பல்லில் கறை, எலும்பில் வலி என்று ஜனங்கள் பட்ட அவஸ்தைக்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. 2013-ல் தொடங்கி வைத்தார்கள். அசல் லில்லிகளில் சிலவற்றுக்கும் ஃபுளோரைடு ஆகாது, இலை நுனி கருகும். ஆகையால் செடிகளுக்கு மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்வது என் வழக்கம்.

இவ்வளவு சிரமம் வேண்டாம் என்பவர்கள் மழை லில்லி வையுங்கள். புல் மாதிரி இலை, ரோஜா நிறத்திலோ வெள்ளையிலோ சின்னப் பூ. காய்ந்து கிடந்த மண்ணில் கோடை மழை பெய்தால் சில நாளில் கொத்தாகப் பூக்கும். ஆயுள் இரண்டு நாள்தான்.

நம் மாநிலப் பூவான செங்காந்தளும் வறட்சியில் கிழங்காகத் தூங்கி மழையில் எழுகிற ரகம்தான். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கும் பூக்களில் முதல் இடம் அதற்கு. ஆனால் அதன் கிழங்கு கொடிய விஷம். குழந்தைகள் உள்ள வீட்டில் வேண்டவே வேண்டாம். லில்லிக் கிழங்கும் சாப்பிட்டால் வாந்தி எடுக்க வைக்கும். பார்வைக்கு அசல் வெங்காயம்! ஓய்வுக்காகப் பிடுங்கினால் சமையலறைப் பக்கம் கொண்டு வராதீர்கள்.

மழைக்காலத்தில் கறுப்பு உடம்பில் சிவப்பும் வெள்ளையுமாகப் புள்ளி போட்ட புழுக்கள் வரும். பார்க்க அழகுதான், ஆனால் இரண்டே இரவில் இலையை மொட்டையடித்துவிடும். மருந்தைத் தேடி ஓடுவதைவிட, விளக்கை எடுத்துக்கொண்டு போய்ப் பொறுக்கிப் போடுவது சுலபம்.

என் தொட்டியில் இப்போது தாய்க்கிழங்கைச் சுற்றி நான்கு குட்டிகள். பிரித்து நட்டால் பூக்க இரண்டு மூன்று வருஷமாகும். பெரியதாக ஒன்றைப் பெண்ணுக்குக் கொடுத்தனுப்பியிருக்கிறேன். போன வாரம் தொலைபேசியில், "தினம் பேரன்தான் தண்ணீர் ஊற்றுகிறான், அம்மா" என்று பெருமையாகச் சொன்னாள். மார்கழிக்குள் போய் அவன் கையிலிருந்து செம்பைப் பிடுங்க வேண்டும்.