எட்டு வயதில் கிடைத்த உத்தியோகம்

டிப்ளமோ முடித்து, பரீட்சை எழுதி, மெடிக்கலும் தேறித்தான் நான் ரயில்வேயில் சேர்ந்தேன். அதனால் பிறப்பால் வரும் பதவி என்றாலே எனக்கு ஒவ்வாது. அந்த எண்ணத்தைச் சற்றே அசைத்தவர் ஓர் ஆங்கிலேயப் பிரபு.

நார்ஃபோக்கின் 16-ஆவது டியூக், பெர்னார்ட். 1908-இல் பிறந்தவர். 1917-இல் தகப்பனார் காலமானதும், எட்டு வயதுப் பையனுக்கு ஆரண்டல் கோட்டையோடு 'ஏர்ல் மார்ஷல்' பதவியும் வந்து சேர்ந்தது. 1672 முதல் அக்குடும்பத்தின் பரம்பரைச் சொத்து அது. முடிசூட்டு விழாவையும், அரசு மரியாதையுடனான இறுதி ஊர்வலத்தையும் குறைவின்றி நடத்தித் தருவதே வேலை. பையன் மேஜராகும் வரை உறவினர் ஒருவர் பொறுப்பைப் பார்த்துக்கொண்டார்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. முடிசூட்டுவது ஆங்கிலிக்கன் திருச்சபை; இவர் குடும்பமோ கத்தோலிக்கம். அதனாலேயே முன்னோர்கள் வெகுகாலம் பதவியைப் பெயரளவில் வைத்துக்கொண்டு, வேலையைப் பிரதிநிதியிடம் விட வேண்டியிருந்தது. 1824-இல் வந்த சட்டம்தான் அந்தத் தடையை நீக்கியது.

1937 மே 12 அன்று எட்டாம் எட்வர்டுக்கு முடிசூட்டுவதாக ஏற்பாடு. 1936 டிசம்பரில் மன்னர் முடிதுறந்தார். தேதியை மாற்றவில்லை, அதே நாளில் தம்பி ஆறாம் ஜார்ஜ் முடிசூடினார். வி.ஐ.பி. ஸ்பெஷலில் பயணி மாறினாலும் டைம்டேபிள் மாறாது என்பது எங்களுக்குத் தெரிந்த சங்கதிதானே! அப்போது டியூக்குக்கு வயது 28.

1953 ஜூன் 2, எலிசபெத் ராணியின் முறை. எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட விருந்தினருக்கு இடம் அமைக்க வெஸ்ட்மின்ஸ்டர் அபேயை ஐந்து மாதம் மூடி வைத்தார்கள். ஒத்திகைகளில் ராணியின் இடத்தில் டியூக்கின் மனைவி லவீனியா நின்று நடந்து காட்டினார்.

1962-63இல் ஆஸ்திரேலியா சென்ற எம்.சி.சி. கிரிக்கெட் அணிக்கு மானேஜராகப் போனவரும் இவரே. டெட் டெக்ஸ்டர் தலைமையில் அந்த டெஸ்ட் தொடர் 1-1 என்று சமனில் முடிந்தது.

1965 ஜனவரி 30 அன்று நடந்த சர்ச்சிலின் இறுதி ஊர்வலம்தான் எனக்கு மிகவும் பிடித்த அத்தியாயம். அதற்கான திட்டம் சர்ச்சில் உயிரோடிருந்தபோதே தயாராகி, பல வருஷம் திருத்தப்பட்டு வந்தது. செயின்ட் பால் தேவாலயத்தில் பிரார்த்தனை. பிறகு தேம்ஸ் நதியில் படகு. வாட்டர்லூ ஸ்டேஷனிலிருந்து ஸ்பெஷல் ரயில். இழுத்துச் சென்ற நீராவி எஞ்சின் 34051. அதன் பெயரும் 'வின்ஸ்டன் சர்ச்சில்'! சாலை, நதி, ரயில் மூன்றையும் ஒரே நாளில் கோத்து நடத்துவது எத்தனை சிரமம் என்று எங்கள் கண்ட்ரோல் ஆபீஸில் உட்கார்ந்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

1975-இல் டியூக் மறைந்தார். அவருக்கு நான்கு பெண்கள். ஆண் வாரிசு இல்லை. பதவி தூரத்து உறவு முறையில் ஒருவருக்குப் போயிற்று. 2022-இல் ராணியின் இறுதிச் சடங்கையும், 2023-இல் மூன்றாம் சார்லஸின் முடிசூட்டையும் நடத்தியவர் அந்த உறவினரின் மகன்தான்.

நாற்காலி பிறப்பால் வரலாம். வேலையை மனிதன்தான் கற்றுக்கொள்ள வேண்டும். பெர்னார்ட் கற்றுக்கொண்டார், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒத்திகையில் ராணியாக நின்ற அம்மாளின் நான்கு பெண்களில் ஒருத்திக்குக்கூட அந்த வேலை வராதா என்று கேட்டால், பரம்பரை முறையிடம் இன்றும் பதில் இல்லை. பரீட்சை எழுதிச் சேர்ந்தவனுக்கு அந்த வருத்தம் மட்டும் போகவில்லை.