களவு போன கணக்கும் காணாத அதிகாரியும்

அல்சூரில் என் அக்காள் வீட்டுக்குப் போயிருந்தபோது, பி.யூ.சி. படிக்கும் அவர் மகன் சாப்பிடாமல் மூலையில் உட்கார்ந்திருந்தான். "மாமா, என் ஐடியை எவனோ தூக்கிட்டான்" என்றான். காலேஜ் அடையாள அட்டை தொலைந்துவிட்டதாக்கும் என்று நினைத்தேன். விசாரித்த பிறகுதான் விளங்கியது. கைபேசியில் அவன் மூன்று வருடமாக ஆடிவந்த துப்பாக்கிச் சண்டை விளையாட்டின் கணக்கு களவு போயிருக்கிறது.

"விளையாட்டுதானேடா" என்று நானும் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. பிறந்தநாள் பணம், தீபாவளிப் பணம் என்று அதில் அவன் போட்டது 6,400 ரூபாய். அதைவிட மோசம், திருடியவன் இவன் பெயரிலேயே கூட்டாளிகளுக்கு "அவசரம், 500 ரூபாய் அனுப்பு" என்று செய்தி விட்டிருக்கிறான். இரண்டு பையன்கள் அனுப்பியும் விட்டார்கள். அதில் ஒருவனுடைய தகப்பனார் அக்காள் வீட்டு வாசலில் நின்று, தெருவே கேட்கும்படி பேசிவிட்டுப் போனாராம்.

களவு நடந்த விதம் பழையதுதான். 'விளையாட்டுக் காசு இலவசம்' என்று ஒரு இணைப்பு வந்தது. தொட்டால், அசல் போலவே ஒரு நுழைவுப் பக்கம். பையன் கடவுச்சொல்லை அடித்தான். திருடன் உடனே மின்னஞ்சலையும் போன் நம்பரையும் மாற்றிவிட்டான். அப்புறம் 'கடவுச்சொல் மறந்துவிட்டதா?' என்பதை அழுத்தினால், ரகசிய எண் போய்ச் சேர்வது திருடனிடம்!

கம்பெனியிடம் முறையிடலாம் என்றால் போன் நம்பர் கிடையாது. படிவம் ஒன்று உண்டு. நிரப்பி அனுப்பினால் அடுத்த நிமிடமே "தங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று பதில். நான்கு முறை எழுதினோம். நான்கு முறையும் அதே கடிதம். அடியில் பெயர் மட்டும் வேறு. ஐந்தாம் நாள் 'புகார் தீர்க்கப்பட்டது' என்று மூடியே விட்டார்கள். 2000ஆம் ஆண்டுகளில் நம் தெருப் பிள்ளைகள் வெள்ளைக்காரப் பெயர் வைத்துக்கொண்டு, இரவெல்லாம் கண்விழித்து அமெரிக்காக்காரரின் புகாருக்குப் பதில் சொன்ன ஊர் இது!

ஆனால் நானும் ஒரு குமாஸ்தா. பார்சல் ஆபீசில் ரயில்வே ரசீது இல்லாமல் வந்து "அந்தப் பெட்டி என்னுடையது" என்பவர்களில் அநேகர் உண்மையான சொந்தக்காரர்தான். இருந்தாலும் இண்டெம்னிட்டி பாண்டு எழுதி வாங்காமல் கொடுத்தால், நாளை அசல் ரசீதுடன் வருபவருக்கு யார் பதில் சொல்வது? 2022 ஜனவரியில் இப்படித்தான் நடந்தது. ஈ.ஏ. என்ற அமெரிக்க விளையாட்டு நிறுவனத்தின் உதவிப் பிரிவு ஊழியர்களிடமே சிலர் சொந்தக்காரர் போல நயமாகப் பேசி, 50க்கும் குறைவான ஃபிஃபா 22 கணக்குகளைக் கைப்பற்றினார்கள். நிறுவனமே இதை ஒப்புக்கொண்டது. இரக்கப்பட்ட ஊழியரால் போன கணக்குகள் அவை.

ஆகவே ரசீதைத் தேடினோம். கூகுள் பிளே வழியாகக் காசு கட்டினால் ஒவ்வொரு தடவையும் 'ஜி.பி.ஏ.' என்று தொடங்கும் ஆர்டர் எண் மின்னஞ்சலில் வரும். பையனின் பழைய அஞ்சலில் 11 கிடைத்தன. அவற்றோடு கணக்கு தொடங்கிய தேதி, அப்போதைய கைபேசியின் மாடல், விளையாட்டு ஐடி எண் எல்லாம் சேர்த்து ஒரே கடிதமாக அனுப்பினோம். முதன்முறையாக அச்சடித்த பதில் வரவில்லை. மனிதர் எழுதிய கேள்வி வந்தது.

போலீசையும் விடவில்லை. இந்தியாவின் முதல் சைபர் கிரைம் போலீஸ் நிலையம் 2001இல் தொடங்கியது இதே பெங்களூரில்தான். பிறர் கடவுச்சொல்லை மோசடியாகப் பயன்படுத்தினால், தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-சி பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறையும் 1 லட்சம் வரை அபராதமும் உண்டு. பணம் போனதை உடனே 1930க்குச் சொல்லியிருக்க வேண்டும். நாங்கள் சொன்னது ஆறாம் நாள். கம்பெனி மீதான குறைக்கு நுகர்வோர் உதவி எண் 1915.

பத்தொன்பதாம் நாள் கணக்கு திரும்பி வந்தது. நண்பர் பட்டியலைத் திருடன் துடைத்து வைத்திருந்தான். அந்த இரண்டு பையன்களுக்கும் மாமாவே தலைக்கு 500 ரூபாய் கொடுத்தார். வாசலில் வந்து பேசிய தகப்பனார் பணத்தை வாங்கிக்கொண்டார். அக்காளைக் கண்டால் இன்னும் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் போகிறார்.