மாதக் கடைசியில் வந்த ஊரடங்கு

கொரோனா காலத்தில் தமிழ்நாட்டின் கடைத்தெருக்கள் நிரம்பி வழிந்த மூன்று நாட்களை எடுத்துக்கொள்வோம். முதலாவது, 2020 மார்ச் 24. மாலை 6 மணி முதல் மாநிலம் முழுக்க 144 தடை உத்தரவு என்று முந்தைய நாளே சொல்லியாகிவிட்டது; இரவு 8 மணிக்குப் பிரதமர் தொலைக்காட்சியில் தோன்றி, நள்ளிரவு முதல் 21 நாட்களுக்கு நாடே அடங்கும் என்றார். இரண்டாவது, அதே ஆண்டு ஏப்ரல் 25. மறுநாள் காலை முதல் சென்னை, கோவை, மதுரை மாநகராட்சிகளில் நான்கு நாளும், சேலம், திருப்பூரில் மூன்று நாளும் மளிகைக் கடைகூடத் திறக்காது என்ற அறிவிப்பு வந்திருந்தது. பகல் 1 மணிக்கு மூட வேண்டிய கடைகளுக்கு 3 மணி வரை நேரம் நீட்டித்தும் நெரிசல் தாங்கவில்லை. மூன்றாவது, 2021 மே 22. மே 24 முதல் தளர்வுகளற்ற முழு ஊரடங்கு. அதற்கு முன் அன்றும் மறுநாளும் மட்டும் இரவு 9 மணி வரை கடைகள் திறந்திருக்கலாம் என்று அரசு சொன்னது. மே 21 அன்றுதான் மாநிலத்தின் ஒருநாள் தொற்று 36 ஆயிரத்தைத் தாண்டி உச்சத்தைத் தொட்டிருந்தது. நோய் மிக வேகமாகப் பரவிய நேரத்தில்தான் மக்கள் தோளோடு தோள் உரச நின்றார்கள்.

மூன்று நாட்களும் இருபதாம் தேதிக்குப் பின் வந்தவை. திட்டமிட்டு அப்படி அமையவில்லை. ஆனால் அந்தக் கூட்டம் ஏன் கூடியது என்பதற்கான விடையில் பாதி இதில் இருக்கிறது. மாதச் சம்பளக் குடும்பங்கள் பெரும்பாலும் முதல் தேதிக்கும் பத்தாம் தேதிக்கும் இடையில் லிஸ்ட் போட்டு மளிகைச் சாமான் வாங்குகின்றன. இருபது தாண்டினால் துவரம்பருப்பு டப்பாவில் அடி தெரியும். எண்ணெய் பாக்கெட் கடைசியாக ஒன்று இருக்கும். சலவை சோப்பு தேய்ந்து சில்லாகியிருக்கும். ஒண்ணாம் தேதி பார்த்துக்கொள்ளலாம் என்று ஓட்டிக்கொண்டிருக்கும் வீட்டுக்கு, நாளை முதல் கடை கிடையாது என்ற செய்தி வந்தால் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவதைத் தவிர வேறென்ன வழி? அப்படி ஓடியவர்களைப் பொறுப்பற்றவர்கள் என்றும் பதுக்கல்காரர்கள் என்றும் எல்லோரும் சேர்ந்து ஏசினோம். அந்த ஏச்சில் நியாயம் இல்லை.

பிரிட்டனிலும் 2020 மார்ச்சில் இதே காட்சிதான். பேரங்காடிகளின் அலமாரிகள் காலியாகக் கிடந்த படங்களைப் பார்த்து, யாரோ சிலர் வண்டி வண்டியாக அள்ளிப் போய்விட்டார்கள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். காந்தார் என்ற சந்தை ஆய்வு நிறுவனம் மக்கள் உண்மையில் வாங்கியதைக் கணக்கிட்டபோது, பாஸ்தா வாங்கியவர்களில் வழக்கத்துக்கு மாறான அளவில் அள்ளியவர்கள் 3 சதவீதம் பேர்தான். திரவ சோப்பில் 6 சதவீதம். அலமாரியைத் துடைத்தது மற்ற எல்லோரும்தான். கூடையில் ஒன்றிரண்டு பொருள் கூடுதல், கடைக்கு ஒரு நடை கூடுதல், அவ்வளவுதான்.

இதை நம் தெருமுனை மளிகைக் கடைக்குப் பொருத்திப் பார்க்கலாம். இருநூறு வீடுகளுக்குச் சாமான் தரும் ஒரு கடை என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்கு மாதம் இரண்டு கிலோ பருப்பு என்றால் மாதத்துக்கு 400 கிலோ. நாளொன்றுக்குச் சராசரியாகப் பதின்மூன்று கிலோ. கடைக்காரர் 100 கிலோ கையிருப்பு வைத்திருந்தாலே ஒரு வாரம் தாங்கும். அதற்குள் மொத்தக் கடையிலிருந்து அடுத்த லோடு வந்துவிடும். இப்போது, ஒரே நாளில் அந்த இருநூறு வீட்டுக்காரர்களும் ஆளுக்கு ஒரே ஒரு கிலோ கேட்கிறார்கள். பாதிப்பேர் வெறுங்கையோடு திரும்ப வேண்டும். யாரும் பேராசைப்படவில்லை. யாரும் பதுக்கவில்லை. எல்லோரும் ஒரே நாளில் வந்ததுதான் சிக்கல். அந்த இருநூறில் பாதி வீடுகள் அந்த ஒரு கிலோவை இரண்டு மாதங்களுக்கு முன்பே, கால் கிலோ அரை கிலோவாக, வழக்கமான லிஸ்டோடு சேர்த்து வாங்கி வைத்திருந்தால், கடைக்காரருக்கு அது ஒரு பொருட்டாகவே இருந்திருக்காது. அன்று வந்த மீதிப் பாதிக்கு முழுதாகப் பருப்பு கிடைத்திருக்கும்.

நான் சொல்ல வருவது இதுதான். வசதி உள்ள வீடுகள் அமைதியான காலத்தில், சிறுகச் சிறுக, இரண்டு வாரச் சாமானைக் கூடுதலாக வைத்திருப்பது சுயநலம் அல்ல. அது அந்தக் கடைசி நாள் வரிசையிலிருந்து விலகி நின்று, அன்றன்று கூலி வாங்கி அன்றன்று அரிசி வாங்குபவருக்கு இடம் விடும் செயல். 2018-19க்கான அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் உழைப்போரில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் கூலி வேலை செய்பவர். அவரால் முன்கூட்டி வாங்க முடியாது. அறிவிப்பு வந்த நாளில்தான் கடைக்கு வர முடியும், அதுவும் அன்றைய கூலி கைக்கு வந்த பிறகு. அவர் வரும்போது அலமாரியில் பொருள் இருக்குமா என்பது, முன்பே வாங்கியிருக்கக்கூடிய நாம் எப்போது வாங்கினோம் என்பதைப் பொறுத்தது.

கிடங்குகளில்தான் தானியம் குவிந்து கிடக்கிறதே, வீட்டில் எதற்குச் சேர்க்க வேண்டும் என்று கேட்கலாம். கேள்வி சரியானதுதான். 2020 மார்ச்சில் மத்தியத் தொகுப்பில் அரிசியும் கோதுமையுமாக 5.8 கோடி டன் இருந்தது. ஏப்ரல் முதல் தேதிக்கு இருக்க வேண்டிய அளவு 2.1 கோடி டன்தான். பஞ்சம் வரும் என்ற பயத்துக்கு எள்ளளவும் ஆதாரம் இல்லை. ஆனால் கிடங்கிலிருந்து அடுக்களை வரை ஒரு பாதை இருக்கிறது. அறுந்தது அந்தப் பாதை. மாநில எல்லைகளில் லாரிகள் நின்றன. சாலையோரச் சாப்பாட்டுக் கடைகள் மூடியதால் ஓட்டுநர்கள் பட்டினி கிடந்தார்கள். மூட்டை இறக்கும் தொழிலாளர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். எது அத்தியாவசியம், எது இல்லை என்று சோதனைச் சாவடியில் தகராறு. கடைசியில் மார்ச் 29 அன்று, எந்தச் சரக்காக இருந்தாலும் பாகுபாடின்றிப் போகலாம் என்று மத்திய உள்துறை தெளிவுபடுத்த வேண்டியிருந்தது. அந்தக் கடிதத்தைப் படித்தால் மனம் கனக்கிறது. பாலை அடைக்கும் பைகள், சோப்பு, பற்பசை, சானிட்டரி நாப்கின், குழந்தைகளுக்கான டயப்பர், பேட்டரி ஆகியவை எல்லாம் அனுமதிக்கப்பட்டவை என்று தனியாக எழுத வேண்டி வந்திருக்கிறது. நாட்டில் கோடிக்கணக்கான பெண்களுக்கு மாதந்தோறும் தேவைப்படும் ஒரு பொருள் அத்தியாவசியம்தான் என்று சொல்ல ஊரடங்கு தொடங்கி ஐந்து நாள் ஆகியிருக்கிறது. அரசின் பட்டியல் மறந்ததை வீட்டின் பட்டியல் மறக்காது. வீட்டில் இருப்பு வேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான சான்று எனக்குத் தெரியவில்லை.

சிங்கப்பூரின் கதையும் இதையே சொல்கிறது. அங்கே அரிசி இறக்குமதியாளர்கள் இரண்டு மாத இறக்குமதிக்கு இணையான இருப்பை எப்போதும் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டபூர்வமான ஏற்பாடு. அப்படியிருந்தும் 2020 பிப்ரவரி 7 அன்று நோய் எச்சரிக்கை நிலை ஆரஞ்சுக்கு உயர்த்தப்பட்ட சில மணி நேரத்தில் அரிசி, நூடுல்ஸ், கழிப்பறைத் தாள் அலமாரிகள் காலியாயின. இருப்பு இருக்கிறது என்று அமைச்சர்கள் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். மறுநாள் பிரதமர் லீ சியென் லூங் நேரடியாக மக்களிடம் பேசினார். அதன்பின் நெரிசல் தணிந்தது. அரசின் வார்த்தையை நம்பும் பழக்கம் ஊறிய நாட்டிலேயே முதல் நாள் ஓட்டத்தைத் தடுக்க முடியவில்லை என்றால், எங்கோ ஒரு கிடங்கில் அரிசி இருக்கிறது என்ற அறிவு மட்டும் ஒருவரை வீட்டில் உட்கார வைக்காது. கண்ணெதிரே டப்பாவில் இருக்க வேண்டும்.

நம் வீடுகளுக்கு இது புதிய பாடமும் அல்ல. குதிரும் பத்தாயமும் இருந்த வீடுகளில் அடுத்த அறுவடை வரைக்குமான நெல் இருந்தது. கோடையில் வற்றலும் வடகமும் போட்டு மழைக்காலத்துக்கு எடுத்து வைத்தார்கள். துவரைக்குச் செம்மண் கட்டி வெயிலில் காயவைத்தால் ஆண்டு முழுக்க வண்டு விழாது. வீடுகள் சுருங்கி, கடைகள் பக்கத்தில் வந்து, இப்போது பத்தே நிமிடத்தில் வாசலுக்குக் கொண்டுவரும் செயலிகளும் வந்த பிறகு, இருப்பு என்பதே வீட்டிலிருந்து வெளியேறிவிட்டது. அன்றாடத்துக்கு அது வசதிதான். ஆனால் அந்தச் செயலிகளும் ஏதோ ஒரு சிறு கிடங்கையும் இரு சக்கர வண்டியில் வரும் ஓர் இளைஞரையும் நம்பியே நிற்கின்றன. 2020 மார்ச் கடைசியில் இணைய மளிகை நிறுவனங்கள் பல ஊர்களில் ஆர்டர் எடுப்பதையே நிறுத்தின என்பதை மறந்துவிட்டோம்.

அப்படியானால் எவ்வளவு வைத்திருப்பது? இதற்கு ஊரடங்கைவிட நோயே நல்ல அளவுகோல் தருகிறது. 2020இல் ஒருவருக்குத் தொற்று என்றால் வீடே 14 நாள் தனிமைப்படுத்தப்பட்டது. சென்னையில் வாசலில் தகரம் அடித்தார்கள். ஊரடங்கே இல்லாவிட்டாலும் அந்த வீட்டார் கடைக்குப் போகக் கூடாது. ஆகவே 14 நாள் என்பது நியாயமான கணக்கு. ஜெர்மனியின் பேரிடர் உதவி அலுவலகம் தன் குடிமக்களுக்குப் பத்து நாள் இருப்பைப் பரிந்துரைப்பதும் ஏறக்குறைய இதே அளவுதான். மூன்று மாதத்துக்கு மூட்டை அடுக்குவது பயம். இரண்டு வாரம் என்பது ஏற்பாடு. நான்கு பேர் உள்ள வீட்டுக்குப் பத்துப் பதினைந்து கிலோ அரிசி, ஒன்றிரண்டு கிலோ பருப்பு, இரண்டு லிட்டர் எண்ணெய், புளி, மிளகாய், உப்பு, சோப்பு, நாப்கின், குழந்தை இருந்தால் பால்பவுடர். புதிதாக வாங்கியதைப் பின்னால் தள்ளிப் பழையதை முதலில் எடுத்தால் எதுவும் கெடாது. ஏனெனில் இவை எப்படியும் நாம் சாப்பிடும் சாமான்களே. வீட்டில் ஒற்றை சிலிண்டர் என்றால் அது தனிக் கவலை. 2020 மார்ச்சில் எரிவாயு முன்பதிவுகள் திடீரெனக் குவிந்தபோது, ஒரு பதிவுக்கும் அடுத்ததற்கும் குறைந்தது 15 நாள் இடைவெளி என்று இந்தியன் ஆயில் நிறுவனம் கட்டுப்பாடு விதித்தது. இரண்டாவது சிலிண்டருக்கு வாய்ப்புள்ளவர்கள் அதை இப்போதே வாங்கி வைப்பது நல்லது.

மருந்தில்தான் கோட்டைத் தெளிவாகப் போட வேண்டும். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் தைராய்டுக்கும் தினமும் மாத்திரை சாப்பிடுபவர், மருத்துவர் எழுதித் தந்த மருந்தில் ஒரு மாத அளவைக் கையில் வைத்திருப்பது அவசியம். வந்தால் உதவுமே என்று, எழுதித் தராத மருந்தை வாங்கி அடுக்குவது அடுத்தவர் உயிரோடு விளையாடுவது. ஹைட்ராக்சிகுளோரோகுயின் கொரோனாவைத் தடுக்கும் என்ற பேச்சு கிளம்பியதும் மருந்துக் கடைகளில் அது தீர்ந்தது. முடக்குவாதத்துக்கும் லூபஸ் நோய்க்கும் ஆண்டுக்கணக்கில் அதைச் சாப்பிட்டு வந்தவர்கள் கடை கடையாக அலைந்தார்கள். 2020 மார்ச் 26 அன்று அதன் விற்பனைக்கு அரசு கடுமையான கட்டுப்பாடு கொண்டுவர வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டு ரெம்டெசிவிர் மருந்துக்காகச் சென்னை கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி வாசலில் இரவெல்லாம் நின்ற உறவினர்களை யாரும் மறந்திருக்க முடியாது. முகக்கவசமும் அப்படித்தான். 2020 மார்ச் 3 அன்று உலக சுகாதார நிறுவனம் சொன்னபடி, அறுவைச் சிகிச்சை முகக்கவசத்தின் விலை ஆறு மடங்காகவும் என்-95 கவசத்தின் விலை மூன்று மடங்காகவும் ஏறியிருந்தன; தட்டுப்பாட்டின் சுமை மருத்துவர்கள் மேலும் செவிலியர்கள் மேலும் விழுந்தது. எல்லோரும் அன்றாடம் தின்று தீர்க்கும் பொருளையும், நோயாளிக்கும் மருத்துவப் பணியாளருக்கும் மட்டுமே தேவையான பொருளையும் ஒரே பையில் போடக் கூடாது.

இன்னொரு மறுப்பு கூர்மையானது. ஒற்றை அறையில் ஐந்து பேர் வாழும் வீட்டில், எலி ஓடும் சுவரோரத்தில், பதினைந்து கிலோ அரிசியை எங்கே வைப்பது? இரண்டு வாரச் சாமானுக்கு முன்பணம் எங்கிருந்து வரும்? இந்தக் கேள்விக்கு வீடுகள் பதில் சொல்ல முடியாது. அரசுதான் சொல்ல வேண்டும். சொல்லும் வழியும் நம் கையிலேயே இருக்கிறது. தமிழ்நாட்டின் ரேஷன் கடைகள் பாகுபாடின்றி அரிசி அட்டைதாரர் எல்லோருக்கும் பொதுவானவை. 2020 ஏப்ரலில் டோக்கன் கொடுத்து, நாள் நேரம் பிரித்து, 1,000 ரூபாயும் அரிசி, பருப்பு, சர்க்கரை, எண்ணெயும் வழங்கினார்கள். 2021 ஜூனில் 14 வகை மளிகைப் பொருட்கள் அடங்கிய தொகுப்பும் இரண்டாம் தவணை 2,000 ரூபாயும் வழங்கினார்கள். உதவி வந்தது. ஆனால் ஊரடங்கு தொடங்கிய பிறகு வந்தது. 2020 மார்ச்சில், ஊரடங்குக்குச் சில நாள் முன்பே, ஆறு மாத ஒதுக்கீட்டை ஒரேயடியாக எடுத்துக்கொள்ளலாம் என்று மத்திய அரசு மாநிலங்களுக்கு அனுமதி கொடுத்திருந்தது. அடுத்த கொள்ளைநோயின் முதல் அறிகுறி தெரிந்த உடனே, மாதக் கடைசி வரை காத்திராமல், இரண்டு மாத அரிசியும் பருப்பும் எண்ணெயும் டோக்கன் முறையில் கொடுத்துவிடலாம். வீட்டில் இடமில்லாதவர்களுக்கு அதே பொருளை வாரவாரம் பிரித்துத் தரவும் ரேஷன் கடையால் முடியும். கட்டுப்பாடு விதித்தே ஆக வேண்டும் என்றால் மளிகைக் கடையின் நேரத்தைச் சுருக்காமல் நீட்ட வேண்டும். நாள் முழுக்கப் பரவலாக வரக்கூடியவர்களைக் குறுகிய நேரத்துக்குள் அடைத்தால் நெரிசல்தான் மிஞ்சும் என்பதை ஏப்ரல் 25 காட்டிவிட்டது. முன்கூட்டிய ரேஷன், நீட்டித்த கடை நேரம் ஆகிய இரண்டையும் பேரிடர் மேலாண்மைத் திட்டத்தில் இப்போதே எழுதி வைக்கலாம். வருவாய்த் துறையும் உணவுத் துறையும் கூட்டுறவுத் துறையும் ஒரு மேசையில் உட்கார்ந்தால் போதும்.