நெப்டியூனின் பிள்ளைகளுக்குப் பெயர் வைத்தவர்கள்

கதை எழுத உட்காரும்போது கடற்கன்னிக்கு என்ன பெயர் வைப்பது என்று நீங்கள் மண்டையை உடைத்துக்கொண்டதுண்டா? இதையே தொழிலின் ஒரு பகுதியாகச் செய்கிறவர்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் வானியலாளர்கள்! விண்ணில் இருப்பவற்றுக்குப் பெயரை உறுதி செய்வது பன்னாட்டு வானியல் ஒன்றியம். அதன் விதிகளில் ஒன்று இது: நெப்டியூன் கோளைச் சுற்றும் நிலவு எதுவானாலும், கிரேக்க, ரோமானியக் கதைகளில் கடலோடு தொடர்புடைய ஒருவரின் பெயரைத்தான் அதற்கு வைக்க வேண்டும். நெப்டியூன் ரோமானியர்களின் கடல் தெய்வம். கிரேக்கர்கள் போசைடன் என்பார்கள். தலைவர் கடலுக்கு அரசர் என்றால் சுற்றி நிற்பவர்களும் கடல்வாசிகளாகத்தானே இருக்க வேண்டும்?

நெப்டியூனை 1846 செப்டம்பர் 23 அன்று பெர்லினில் யோகான் காலே தொலைநோக்கி வழியாகப் பார்த்தார். எங்கே பார்க்க வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொன்னவர் பிரான்சின் லெ வெரியே. பதினேழே நாளில், இங்கிலாந்தின் லிவர்பூலில் வில்லியம் லாசல் என்பவர் அதன் நிலவு ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டார், அதுவும் தானே செய்த தொலைநோக்கியால். ஆனால் அந்த நிலவுக்கு யாரும் பெயர் வைக்கவில்லை. இருப்பது ஒன்றே ஒன்று. ‘நெப்டியூனின் நிலவு’ என்றாலே எல்லாருக்கும் புரிந்தது. 1880இல் கமில் ஃபிளமாரியன் என்ற பிரெஞ்சு வானியலாளர் ‘டிரைட்டன்’ என்ற பெயரை எடுத்துக்கொடுத்தார். அப்போதும் அது பரவலாகவில்லை. 1949இல் ஜெரார்ட் கைப்பர் இரண்டாவது நிலவைக் கண்டுபிடித்த பிறகுதான் முதலாவதைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டிய தேவை வந்தது.

டிரைட்டன் யார்? போசைடனின் மகன். இடுப்புக்கு மேல் மனிதன், கீழே மீன். கையில் ஒரு பெரிய சங்கு. அவன் சங்கை ஊதினால் அலைகள் எழும், அடங்கும். கதையில் அவன் சொந்த மகன். ஆனால் அறிவியல் சொல்வது வேறு: டிரைட்டன் ஒரு தத்துப்பிள்ளை!

ஒரு கோள் உருவாகும்போது அதைச் சுற்றித் தட்டு போலப் பரவிக் கிடக்கும் தூசியும் வாயுவும் கோள் சுழலும் திசையிலேயே சுற்றுகின்றன. அந்தத் தட்டிலிருந்து பிறக்கும் நிலவுகளும் அதே திசையில்தான் போகும். டிரைட்டனோ எதிர்த் திசையில் சுற்றுகிறது. பெரிய நிலவுகளில் இப்படிச் செய்வது இது மட்டுமே. அதனால், புளூட்டோ இருக்கும் தொலைதூரப் பனிப் பகுதியிலிருந்து வந்து நெப்டியூனின் ஈர்ப்பில் இது சிக்கிக்கொண்டது என்று விஞ்ஞானிகள் கருதுகிறார்கள். புளூட்டோவைவிடவும் இது பெரியது. குறுக்களவு சுமார் 2,700 கி.மீ. மேற்பரப்பின் குளிர் மைனஸ் 235 டிகிரி செல்சியஸ். நாம் மூச்சில் இழுக்கும் நைட்ரஜன் அங்கே உறைந்து தரையாகக் கிடக்கிறது. 1989 ஆகஸ்ட் 25 அன்று வாயேஜர் 2 விண்கலம் பக்கத்தில் பறந்தபோது, அந்தத் தரையைப் பிளந்துகொண்டு எட்டு கி.மீ. உயரத்துக்குப் பீய்ச்சி அடித்த கரிய ஊற்றுகளைப் படம் பிடித்தது.

கைப்பர் தாம் கண்ட நிலவுக்கு ‘நெரீட்’ என்று பெயர் வைத்தார். நெரியஸ் என்ற கடல் முதியவருக்கு ஐம்பது மகள்கள். நெரீடுகள் என்பது அவர்கள் எல்லாருக்கும் பொதுப் பெயர். கடலில் தத்தளிக்கும் மாலுமிகளுக்கு உதவ ஓடி வருகிறவர்கள். இந்த நிலவும் ஓட்டத்தில் கெட்டிதான். நெப்டியூனுக்குச் சுமார் 14 லட்சம் கி.மீ. அருகே வரும், பிறகு 96 லட்சம் கி.மீ.க்கு அப்பால் போய்விடும். ஒரு சுற்றுக்குக் கிட்டத்தட்ட ஓர் ஆண்டு.

வாயேஜர் படங்களிலிருந்து இன்னும் சில நிலவுகள் கிடைத்தன. அவற்றில் பெரியது புரோட்டியஸ். கதையில் புரோட்டியஸ் பிடிபடாத கிழவர். கையைப் பிடித்தால் சிங்கமாவார், பாம்பாவார், தண்ணீராகி வழிந்துவிடுவார். அதாவது, நிலையான உருவம் இல்லாதவர். நிலவைப் பாருங்கள்: 400 கி.மீ.க்கு மேல் அகலம். இதைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தால் தன் ஈர்ப்பாலேயே உருண்டையாகியிருக்கும். ஆகவில்லை, மூலை மூலையாகக் கோணிக் கிடக்கிறது. இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்குமா? அதன் மேல் 200 கி.மீ.க்கு மேல் அகலமான ஒரு பள்ளம் இருக்கிறது. அதற்கு, கதையில் புரோட்டியஸ் குடியிருந்த ஃபாரோஸ் தீவின் பெயரை வைத்தார்கள்.

பெயர் வைத்த பிறகு நடந்தது இன்னும் சுவையானது. 2013இல் மார்க் ஷோவால்டர் என்ற வானியலாளர் ஹப்பிள் தொலைநோக்கியின் பழைய படங்களை அலசியபோது, புரோட்டியஸுக்குச் சற்று உள்ளே ஒரு குட்டி நிலவைக் கண்டார். 34 கி.மீ.தான் இருக்கும். ஷோவால்டர் கடலுக்குள் மூழ்கிப் பார்ப்பதில் ஆசை உள்ளவர். கடற்குதிரை அவருக்குப் பிடித்தமான உயிர். அதனால் முன்பாதி குதிரை, பின்பாதி மீன் என்று போசைடனின் தேரை இழுக்கும் விலங்கின் பெயரான ‘ஹிப்போகேம்ப்’ வந்தது. இந்தப் பெயர் 2019இல் உறுதியானது. வால்மீன் ஒன்று மோதி ஃபாரோஸ் பள்ளம் உண்டானபோது புரோட்டியஸிலிருந்து சிதறிய துண்டுகளே ஹிப்போகேம்ப்பாகத் திரண்டிருக்கலாம் என்று அவருடைய குழு கருதுகிறது.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான். நெப்டியூனிலிருந்து வெகுதொலைவில் சுற்றும் ஐந்து நிலவுகள் 2002லும் 2003லும் கண்டுபிடிக்கப்பட்டன. ஐந்துக்கும் நெரியஸின் மகள்களின் பெயர்களே: லாவோமெடேயா, ஹாலிமேடே, ப்சமாதே, சாவோ, நேசோ. ப்சமாதே என்றால் மணல். சாவோ காப்பாற்றுகிறவள். நேசோ தீவுக்காரி. கரையையும் மணலையும் தீவையும் அன்றாடம் பார்த்த மக்கள் சூட்டிய பெயர்கள் இவை. ஆனால் வானியலாளர்கள் தேர்ந்தெடுத்தது பொருளை மட்டும் பார்த்தல்ல. கடைசி எழுத்தையும் பார்த்தார்கள். நிலவு கோள் சுழலும் திசையில் சுற்றினால் பெயர் ‘ஆ’வில் முடிய வேண்டும். எதிர்த் திசையில் சுற்றினால் ‘ஏ’. பாதை அளவுக்கு மீறிச் சாய்ந்திருந்தால் ‘ஓ’. வியாழனின் நிலவுகளுக்கு ஏற்கெனவே இருந்த வழக்கம் இது. ஆக, ஹாலிமேடே என்று கேட்டதுமே ஒரு வானியலாளருக்கு ‘ஓகோ, எதிர்த் திசைக்காரி’ என்று தெரிந்துவிடும்!

நம் இலக்கண வகுப்பில் சொல்லின் கடைசியில் வரும் வினா எழுத்துகள் என்று படிக்கிறோமே, ஆ, ஏ, ஓ, அந்த மூன்றேதான் இவையும். தற்செயல்தான். ஆனாலும் மறக்காமல் நினைவில் வைக்க நல்ல வழி.

நேசோவைப் பற்றி ஒரே ஒரு செய்தி. அது நெப்டியூனை விட்டு விலகும் அதிகபட்சத் தூரம் சுமார் 7 கோடி கி.மீ. சூரியனிலிருந்து புதன் கோள் விலகும் தூரத்தைவிடவும் அதிகம். அவ்வளவு தொலைவில் போனாலும் அது நெப்டியூனின் பிடியில்தான் இருக்கிறது.

2024 பிப்ரவரியில் மேலும் இரண்டு நிலவுகள் அறிவிக்கப்பட்டன. அப்போது அவற்றுக்குப் பெயர் இல்லை, குறியீட்டு எண் மட்டும்தான். ஒன்று கோள் சுழலும் திசையில் போகிறது, ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 9 ஆண்டு. இன்னொன்று எதிர்த் திசையில், 27 ஆண்டு. ஐம்பது மகள்களில் பெரும்பாலோர் இன்னும் நெப்டியூனின் வானத்துக்கு வரவில்லை. அவர்களில் ஒருத்தி கலேனே. அமைதியான கடல் என்று பொருள். இவளை எந்த நிலவுக்கு வைக்கலாம், எதற்கு வைக்கக் கூடாது? கடைசி எழுத்தைப் பார்த்து நீங்களே சொல்லிவிடலாம்.

நிலவுகளுக்குக் கிரேக்கப் பெயர் என்றால், டிரைட்டனின் தரையில் உள்ள பள்ளத்துக்கும் சமவெளிக்கும் விதி நேர்மாறு: தண்ணீரோடு தொடர்பு வேண்டும், கிரேக்க, ரோமானியப் பெயர் கூடாது. அதனால் உலகத்துக் கடல்வாசிகள் எல்லாரும் அங்கே கூடிவிட்டார்கள். பசிபிக் தீவு மக்களின் கடல் தெய்வம் தங்கரோவா, ரஷ்யக் கதைகளின் நீர்க்கிழவன் வோத்யனோய், ஜப்பானியக் கடல் நாகத்தின் ரியூகு அரண்மனை. ஒரு பள்ளத்தின் பெயர் கூர்மா! ஆமாம், பாற்கடலைக் கடைந்தபோது மந்தர மலையை முதுகில் தாங்கிய அதே கூர்மம்.

இனி உங்கள் கதைக்கு வருவோம். வானியலாளர்கள் முதலில் நிலவைப் பார்த்தார்கள், பிறகுதான் பெயரைத் தேடினார்கள். நீங்களும் உங்கள் கடற்கன்னி எங்கே வாழ்கிறாள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். பாக் நீரிணையின் ஆழமற்ற பகுதியா? அங்கே கடற்புல் வளரும். வெயில் எட்டும் ஆழத்தில்தான் அது வளர முடியும். புல் மேயும் ஆவுளியா அவளுக்குப் பக்கத்து வீட்டுக்காரர். 1,000 மீட்டருக்குக் கீழேயா? அங்கே சூரிய ஒளியே கிடையாது. தண்ணீர் சிவப்பு ஒளியைத்தான் முதலில் விழுங்குகிறது. அதனால் சிவப்பு வால் உள்ள கடற்கன்னி ஆழத்தில் கன்னங்கரேலென்று தெரிவாள், அதாவது யார் கண்ணுக்கும் தெரிய மாட்டாள். ஆழ்கடல் இறால்கள் பல சிவப்பாக இருப்பதும் இப்படி மறைந்துகொள்ள உதவத்தான். ‘செவ்வந்தி’ என்ற பெயர் அவளுக்கு வைத்தால், அது அவள் ஒளிந்துகொள்ளும் தந்திரத்தையும் சேர்த்துச் சொல்லும்.

அடுத்து, அந்தப் பெயரைத் தண்ணீருக்குள் எப்படிக் கூப்பிடுவார்கள்? கடல்நீரில் ஒலி விநாடிக்குச் சுமார் 1,500 மீட்டர் போகும், காற்றில் போவதைப் போல நான்கு மடங்குக்கும் மேல். ஆனால் கீச்சென்ற ஒலி சீக்கிரம் தேய்ந்துவிடும்; தாழ்ந்த ஒலி வெகுதூரம் போகும். திமிங்கிலங்கள் ஆழ்ந்த குரலில் பாடுவதை நினைத்துப் பாருங்கள். ‘ஸ்’, ‘ஷ்’ நிறைந்த பெயரின் பாதி வழியிலேயே கரைந்துபோகும். ‘ஊ’, ‘ஓ’ என்று நீளும் பெயருக்கு வலிமை அதிகம். ‘ஓதம்’ நல்ல சொல்; கடல் பொங்கி ஏறுவதைச் சொல்வது. ‘ஊதா’வும் கேட்கும்.

கடலில் நிஜமாகவே பெயர் வைத்துக்கொள்ளும் உயிர் ஒன்று உண்டு. குப்பிமூக்கு ஓங்கில், அதாவது டால்பின், குட்டியாக இருக்கும்போதே தனக்கென்று ஒரு தனிச் சீழ்க்கையை உருவாக்கிக்கொள்கிறது. 2013இல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஸ்டெஃபனி கிங், வின்சென்ட் யானிக் இருவரும், ஒவ்வொரு ஓங்கிலின் சீழ்க்கையையும் போலவே செய்து கடலுக்குள் ஒலிக்கவிட்டார்கள். தன் சீழ்க்கையைக் கேட்ட ஓங்கில், ‘இதோ இருக்கிறேன்’ என்பதுபோல அதே சீழ்க்கையால் பதில் கொடுத்தது. வேறொன்றின் சீழ்க்கைக்கு அப்படிக் கொடுக்கவில்லை. அங்கே அம்மா பெயர் வைப்பதில்லை, குட்டியே வைத்துக்கொள்கிறது. உங்கள் கடற்கன்னியும் தன் பெயரைத் தானே தேர்ந்தெடுத்தால் கதை எப்படிப் போகும்?

கடல்வாசியின் பெயர் கரைக்கு வந்த கதையும் நம்மிடம் இருக்கிறது. மணிமேகலா தெய்வம் கடலில் தவிப்பவர்களைக் காக்கும் பெண் தெய்வம். கப்பல் உடைந்து அலையில் போராடிய தன் முன்னோர் ஒருவரை அந்தத் தெய்வம் காப்பாற்றியதால், கோவலன் தன் மகளுக்கு மணிமேகலை என்று பெயர் வைத்தான். சாவோ செய்ததாகக் கிரேக்கர்கள் சொன்ன அதே வேலைதான் இந்தத் தெய்வத்துக்கும். இரண்டு பேரையும் ஒரே கடலில், ஒரே புயலில் சந்திக்க வைத்து ஒரு கதை எழுதிப் பாருங்களேன்!